இடம் யாருடையது, வலம் யாருடையது?

வாசகர் கேள்வி பதில்

ஸ்கேன் ரிப்போர்ட், பிசியோதெரபி சீட்டு, நர்சிங் பாடம், ஜிம் அட்டை ஆகியவற்றில் வரும் திசைச் சொற்களையும் அசைவுச் சொற்களையும் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவின் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் வலது சிறுநீரகத்தில் 6 மி.மீ. கல் என்று இருக்கிறது. ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அந்த வெள்ளைப் புள்ளி இடது பக்கம் தெரிகிறது. எது தப்பு?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரி. மருத்துவக் குறிப்பில் வரும் இடமும் வலமும் எப்போதும் நோயாளியுடையவை. பார்ப்பவர் எங்கே நின்றாலும் அவை மாறாது. சிடியின் குறுக்குவெட்டுப் படங்களை, மல்லாந்து படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று தலைமாட்டை நோக்கிப் பார்ப்பதுபோல் அச்சிடுவது உலக வழக்கம். கால்மாட்டில் நின்றால் அவருடைய வலப்பக்கம் உங்கள் இடக்கைப் பக்கம்தானே வரும்? நெஞ்சு எக்ஸ்ரேயை அவருக்கு எதிரே நின்று பார்ப்பதுபோல் மாட்டுவார்கள். அதிலும் இதே கதைதான்.

சரிபார்க்க வேண்டுமானால் முதலில் ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் ஆர் அல்லது எல் எழுத்தைத் தேடுங்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டிருந்தால் ஃபிலிமைப் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள். வயிற்றுப் படமென்றால், கல்லீரல் பெரிய சாம்பல் நிறப் பிண்டமாகப் படத்தின் இடப்பக்கம் இருக்கும். முதுகெலும்பு கீழே, தொப்புள் மேலே. முதுகெலும்புக்கும் கீழே வளைந்து ஓடும் மெல்லிய கோடு, அவர் படுத்திருந்த மேசை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கல் சிறுநீர்க்குழாயின் அடிமுனையில் சிக்கியிருக்கிறதா, ஏற்கெனவே சிறுநீர்ப்பைக்குள் விழுந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால், நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து இன்னும் சில வெட்டுகள் எடுப்பார்கள். பைக்குள் விழுந்த கல், புரண்டதும் முன்பக்கம் உருண்டு வந்துவிடும். சிக்கிய கல் இருந்த இடத்திலேயே நிற்கும். அந்தப் படங்களில் மேல் கீழ் மாறியிருக்கலாம் என்பதால் எழுத்தை மட்டும் நம்புங்கள். முதுகெலும்பு எம்ஆர்ஐயில் உடலை இடது, வலது எனப் பிளந்த பக்கவாட்டு வெட்டுகள்தான் அதிகம். அவற்றில் நோயாளியின் முன்பக்கம் பெரும்பாலும் உங்கள் இடப்பக்கம் இருக்கும்.

ஆபரேஷன் என்று முடிவானால் ரிப்போர்ட், அட்மிஷன் சீட்டு, சம்மதப் படிவம் மூன்றிலும் பக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டார் படித்துப் பார்க்கலாம். அதில் கூச்சம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே நோயாளியிடம் பெயரையும் ஆபரேஷன் நடக்கும் இடத்தையும் கேட்டு உறுதி செய்ய வேண்டும், தோலில் குறி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பேனாவோடு வருபவரைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: அனாடமிகல் பொசிஷனில் உள்ளங்கை ஏன் முன்னால் பார்க்க வேண்டும்? இயல்பாக நின்றால் கட்டைவிரல்தானே முன்னால் இருக்கிறது?
– பிசியோதெரபி முதலாமாண்டு மாணவி, சேலம்

பதில்: யாரும் அப்படி நிற்பதில்லைதான். அது ஓய்வு நிலை இல்லை, ஒரு ஒப்பந்தம். நிமிர்ந்து நின்று, பார்வை நேரே, பாதங்கள் சேர்ந்து விரல்கள் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை முன்னால். நோயாளி குப்புறக் கிடந்தாலும் ஒருக்களித்துக் கிடந்தாலும், எழுதுபவர் மனதில் அவரை இப்படி நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறார். தொப்புள் எந்நேரமும் ஆன்டீரியர். முதுகு எந்நேரமும் போஸ்டீரியர்.

உள்ளங்கை முன்னால் பார்க்கும்போது மட்டும்தான் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று தாண்டாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. இதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். வலது முன்கையை மேசைமேல் உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். முழங்கை முனை மேசையில் ஊன்றியிருக்கட்டும், இடது கையின் ஆள்காட்டி விரலை மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து எலும்பின்மீது பதியுங்கள். இப்போது உள்ளங்கையை மெதுவாகக் கவிழுங்கள். முழங்கை முனை அசையாது. மணிக்கட்டில் நீங்கள் தொட்ட எலும்பு மட்டும் குறுக்கே தாண்டி மறுபக்கம் போய்விடும். கவிழ்ந்ததும் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டின் மேல் புடைத்து நிற்கும் குமிழ் அல்னாவின் முனை. தாண்டுவது ரேடியஸ், நிற்பது அல்னா. இந்தக் கவிழ்ப்புதான் ப்ரோனேஷன், ஏந்துவது சூபினேஷன்.

எலும்புகள் தாண்டிய நிலையில் பெயர் வைத்தால், ரேடியஸின் மேல்முனை வெளிப்பக்கம், கீழ்முனை உட்பக்கம் என்று ஒரே எலும்புக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டி வரும். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் உள்ளங்கையைத் திருப்பி வைத்தார்கள்.

பரீட்சையில் விழும் ஒரு பொறி இங்கே இருக்கிறது. அசைவை டிகிரியில் அளக்கும்போது பெரும்பாலான மூட்டுகளுக்கு இந்த நிலைதான் பூஜ்யம். முன்கைத் திருப்பத்துக்கு மட்டும் இல்லை. முழங்கையை 90 டிகிரி மடித்து விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் கூரையைப் பார்க்க நிறுத்துவதுதான் அங்கே பூஜ்யம். அங்கிருந்து இரு பக்கமும் 80 முதல் 90 டிகிரி. முழங்கை விலாவை விட்டு விலகினால் தோள் உதவிக்கு வந்துவிடும், உங்கள் அளவு பொய்யாகக் கூடும். கணுக்காலிலும் கவனம் வேண்டும்: கெண்டைக்காலுக்குப் பாதம் செங்கோணத்தில் நிற்பதைத்தான் பூஜ்யம் என்கிறார்கள், 90 என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சீட்டில் 'முழங்கால் 10–120' என்று இருக்கிறது. பத்து என்பது எதற்கு?
– வாசகி, திருச்சி

பதில்: முழுதாக நீட்ட முடியவில்லை, கடைசி 10 டிகிரி பாக்கி நிற்கிறது, அங்கிருந்து 120 வரை மடங்குகிறது என்று பொருள். நல்ல முழங்கால் 0–135 போகும்.

கேள்வி: முழங்கையை மடக்கினால் கை முன்னால் வருகிறது. முழங்காலை மடக்கினால் கால் பின்னால் போகிறது. இரண்டையும் ஃபிளெக்‌ஷன் என்றால் மாணவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– உயிரியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: சண்டை நியாயமானதுதான். விடை கருப்பையில் இருக்கிறது. நான்காவது வாரத்தில் கைக்கும் கால்களுக்கும் மொட்டுகள் பக்கவாட்டில் துடுப்புபோல் முளைக்கின்றன. அப்போது நான்குமே ஒரே போக்கில் இருக்கும். கட்டைவிரலும் கால் பெருவிரலும் தலையை நோக்கியே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கை வெளிப்பக்கமாகச் சுமார் 90 டிகிரி திரும்புகிறது, கால் உட்பக்கமாக அதே அளவு திரும்புகிறது. அதனால் முழங்கை பின்னால் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. கையில் நீட்டும் தசை பின்பக்கம் போனது. காலில் நீட்டும் தசையான குவாட்ரிசெப்ஸ் தொடையின் முன்பக்கம் வந்தது. கட்டைவிரல் உடலின் வெளிப்பக்கமும் பெருவிரல் உட்பக்கமும் அமைந்ததற்கும் இதுவே காரணம். காலில் உணர்ச்சி நரம்புகளின் பட்டைகள் நேராக இறங்காமல் முறுக்கிக்கொண்டு இறங்குவதை வரைபடத்தில் காட்டினால், மாணவர்கள் அந்தத் திருப்பத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

எனவே ஃபிளெக்‌ஷன் என்றால் 'முன்னால்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். கீல்போல் மடங்கும் மூட்டில் இரண்டு எலும்புக்கும் நடுவே கோணம் குறைவது ஃபிளெக்‌ஷன், கூடுவது எக்ஸ்டென்ஷன். தோளிலும் இடுப்பிலும் மட்டும் முன்னால் தூக்குவது ஃபிளெக்‌ஷன். கணுக்காலில் இந்த விதியும் தடுமாறும்: பாதத்தை மேலே தூக்கினால் கோணம் குறைகிறது, ஆனால் தூக்குபவை நீட்டும் தசைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வம்பே வேண்டாமென்று மேலே தூக்குவதை டார்சிஃபிளெக்‌ஷன், கீழே அழுத்துவதை பிளான்டர்ஃபிளெக்‌ஷன் என்று பிரித்துவிட்டார்கள். பாதத்தின் மேல்புறம் டார்சம், உள்ளங்கால் பிளான்டர். நல்ல ஏற்பாடு.

கேள்வி: கட்டைவிரலின் அப்டக்‌ஷன் எந்தப் பக்கம்? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.
– எம்பிபிஎஸ் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நடுக்கோட்டை விட்டு விலகுவது அப்டக்‌ஷன், நடுக்கோட்டோடு சேர்வது அடக்‌ஷன். கைக்கும் காலுக்கும் அந்தக் கோடு உடலின் நடுவில் ஓடுகிறது. விரல்களுக்கு வரும்போது கோடு இடம் மாறுகிறது: கையில் நடுவிரல், பாதத்தில் இரண்டாவது விரல். நடுவிரல் தானே கோடாக நிற்பதால் அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அப்டக்‌ஷன்தான், அதற்கு அடக்‌ஷன் கிடையாது.

கட்டைவிரல் வேறு ஜாதி. மற்ற நான்கு நகமும் ஒரு பக்கம் பார்க்க, இது மட்டும் ஏறத்தாழ செங்கோணத்தில் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதன் அசைவுகளும் செங்கோணம் திரும்பிவிட்டன. புறங்கையை மேசையில் வைத்து, கட்டைவிரலை நேரே கூரையை நோக்கித் தூக்குங்கள்: அது அப்டக்‌ஷன். திரும்ப ஆள்காட்டி விரலோடு ஒட்டினால் அடக்‌ஷன். உள்ளங்கையை உரசியபடி சுண்டுவிரல் பக்கம் வழுக்கினால் ஃபிளெக்‌ஷன். உள்ளங்கையின் தளத்திலேயே வெளியே விரித்தால் எக்ஸ்டென்ஷன். கை மறுவாழ்வு நிபுணர்கள் சிலர் இந்தக் கடைசியை ரேடியல் அப்டக்‌ஷன் என்கிறார்கள். உங்கள் இரண்டாவது புத்தகம் அந்தப் பள்ளியைச் சேர்ந்ததாக இருக்கும். தேர்வில் கேட்டால் கூரையை நோக்கித் தூக்குவதைச் சொல்லுங்கள்.

இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பயனில்லை, வார்டில் பயன்படுத்திப் பாருங்கள். கையின் மூன்று முக்கிய நரம்புகளையும் ஒரே விரலில் சோதிக்கலாம். கூரையை நோக்கித் தூக்கிய கட்டைவிரலை நீங்கள் கீழே அழுத்தி, அது தாக்குப் பிடிக்கவில்லை என்றால் மீடியன் நரம்பு. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெரிபட்டவர்களிடம் முதலில் வலு குறையும் தசைகளில் இதுவும் ஒன்று. 'ஓகே' என்று கட்டைவிரலைப் பின்னால் நிமிர்த்த முடியாவிட்டால் ரேடியல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே ஒரு தாளை இடுக்கச் சொல்லி இழுங்கள். அடக்‌ஷன் தசை சோர்ந்திருந்தால், நோயாளி தன்னையறியாமல் கட்டைவிரல் நுனியை மடித்துத் தாளைப் பிடிப்பார். அது அல்னார் நரம்பின் குறை.

கேள்வி: ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது. அப்படியென்றால் மடக்கும் ஹாம்ஸ்ட்ரிங்தானே வேலை செய்ய வேண்டும்? தொடை முன்பக்கம் ஏன் எரிகிறது?
– ஜிம் பயிற்சியாளர், ஈரோடு

பதில்: அசைவின் பெயர் மூட்டுக்குச் சொந்தம். தசைக்கு இல்லை. இறங்கும்போது முழங்காலை மடக்குவது உங்கள் உடல் எடை. அது ஒரேயடியாகக் கீழே போய்விடாமல் குவாட்ரிசெப்ஸ் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது, கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல. ஏறும்போது அதே தசை சுருங்கி முழங்காலை நீட்டுகிறது. போக வர வேலை அதற்குத்தான். பழக்கமில்லாதவருக்கு மறுநாள் வரும் தசைவலியில் பெரும்பங்கு, நீண்டுகொண்டே பிடிக்கும் இந்த வேலையால் வருவது. டம்பெல்லைப் பக்கவாட்டில் தூக்கி மெதுவாக இறக்கும்போதும் இதே கணக்கு: அசைவு அடக்‌ஷன், வேலை செய்வது அப்டக்‌ஷன் தசையான டெல்டாய்டு. எடை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத் தசை உழைக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஸ்குவாட்டில் குதிகால் தரையை விட்டு எழும்பினால், பல சமயம் கணுக்காலின் டார்சிஃபிளெக்‌ஷன் குறைவுதான் காரணம். பாதம் தரையில் நிலையாக இருக்கக் கெண்டைக்கால் முன்னால் சாய்வதும் டார்சிஃபிளெக்‌ஷன்தான், பாதம் அசைய வேண்டியதில்லை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இரண்டு காலிலும் அளந்து ஒப்பிடுங்கள். 10 செ.மீ. அளவில் வந்தால் பொதுவாகப் போதும். ஒரு கால் நன்றாகக் குறைந்தால் எடை கூட்டுவதை நிறுத்திவிட்டு அந்தக் கணுக்காலைப் பாருங்கள்.

கேள்வி: கபடியில் பாதம் புரண்டால் எப்போதும் உட்பக்கமாகவே புரள்கிறது. வெளிப்பக்கம் ஏன் வீங்குகிறது? எக்ஸ்ரே தேவையா?
– கல்லூரி அணி வீரர், திண்டுக்கல்

பதில்: உள்ளங்கால் உட்பக்கம் திரும்புவது இன்வெர்ஷன், வெளிப்பக்கம் திரும்புவது எவெர்ஷன். பாதத்தின் அமைப்பே இன்வெர்ஷனுக்குச் சாதகமானது: சுமார் 35 டிகிரி உள்ளே திரும்பும், வெளியே 15 டிகிரிதான். வெளிக்கணு உட்கணுவைவிடக் கீழே இறங்கியிருப்பதால் எவெர்ஷனை எலும்பே தடுக்கிறது. உட்பக்கத்து டெல்டாய்டு லிகமென்ட் விசிறிபோல் அகலமானது. அதை இழுத்துக் கிழிக்கும் விசை வந்தால் சில நேரம் உட்கணு எலும்பே பெயர்ந்துவிடும். வெளிப்பக்கத்தில் இருப்பவையோ மூன்று தனித்தனி நார்கள். அவற்றில் முன்னால் இருப்பது மெலிந்தது, அதுதான் முதலில் அறுபடும்.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. கணுக்கால் பிடிக்குள் உட்காரும் டேலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பாதம் கீழே நீளும்போது ஒடுக்கமான பகுதி பிடிக்குள் வந்து மூட்டு ஆடுகிறது. குதித்து இறங்கும்போதும், பிடித்த காலை உருவிக்கொண்டு கோட்டைத் தொடப் பாயும்போதும் பாதம் அந்த நிலையில்தான் இருக்கிறது. இழுபடுவது வெளிப்பக்கம் என்பதால் வீக்கமும் அங்கே.

எக்ஸ்ரேவுக்கு ஒட்டாவா விதிகள் உண்டு, 1992 முதல் புழக்கத்தில் இருப்பவை. உட்கணு, வெளிக்கணு இரண்டின் நுனியிலும், அங்கிருந்து 6 செ.மீ. மேல் வரை பின் ஓரத்திலும் எலும்பை அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உட்பக்கம் கணுவுக்கு முன்னே உள்ள படகெலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் ஒன்று வலித்தாலும், அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடியாமல் போனாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த விதியை நம்பக்கூடாது. அவர்களுக்கு வலி தெரியாது.

முதல் இரண்டு நாள் சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள், எண்ணெய் தேய்த்து உருவினால் கசிவு கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், காலை உயரத்தில் வைத்து, கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். மேலிருந்து கீழே சுற்றினால் வீக்கம் பாதத்தில் தேங்கும். வலி அடங்கியதும் ரப்பர் பட்டையை எதிர்த்து எவெர்ஷன், அப்புறம் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. நமது வீரர்கள் இந்த இரண்டையும்தான் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். அதே கணுக்கால் திரும்பத் திரும்பப் புரள்வது அதனால்தான்.

கேள்வி: நரம்பூசி போடும்போது 'டிஸ்டலில் தொடங்கு' என்கிறார்கள். புரியவில்லை.
– நர்சிங் மாணவி, நாகர்கோவில்

பதில்: உடலோடு ஒட்டியிருக்கும் முனை ப்ராக்ஸிமல், தள்ளியிருக்கும் முனை டிஸ்டல். தோள் ப்ராக்ஸிமல், விரல் டிஸ்டல். கையில் 'மேல், கீழ்' என்று சொன்னால் கையைத் தூக்கியதும் பொருள் மாறும், இது மாறாது. சிரை இரத்தம் விரலிலிருந்து தோளை நோக்கி ஓடுகிறது. முழங்கை மடிப்பில் முதலில் குத்தி அது ஓட்டையாகிவிட்டால், பிறகு புறங்கையில் ஏற்றும் மருந்து அந்த ஓட்டை வழியாக வெளியே கசிந்து கை வீங்கும். அதனால் புறங்கையில் தொடங்கி, தவறினால் ஒரு படி மேலே. அவசரத்தில் பெரிய ஊசி தேவைப்பட்டால் முழங்கை மடிப்புக்கே போவார்கள், அது வேறு கணக்கு.

இன்னொரு கடிதத்தில் கேட்டதற்கும் இங்கேயே: சூபைன் மல்லாந்து, ப்ரோன் குப்புற, லெஃப்ட் லேட்டரல் என்றால் இடப்பக்கம் கீழே. எனிமாவுக்கு அப்படிப் படுக்க வைப்பது, பெருங்குடலின் கடைசி வளைவு இடப்பக்கம் இருப்பதால்.

கேள்வி: தோள்வலிக்கு பிசியோ எழுதிய சீட்டில் 'ஷோல்டர் இஆர் 15, அப்டக்‌ஷன் 70, ஐஆர் பின்பாக்கெட்' என்று இருக்கிறது. எக்ஸ்ரே நார்மல். தலைக்குப் பூ வைக்கவும் ரவிக்கைக் கொக்கி மாட்டவும் முடியவில்லை.
– வாசகி, விருதுநகர்

பதில்: இஆர் என்பது எக்ஸ்டெர்னல் ரொட்டேஷன். முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்புவது. 60க்கு மேல் போக வேண்டியது உங்களுக்கு 15இல் நிற்கிறது. அப்டக்‌ஷன் என்றால் பக்கவாட்டில் தூக்குவது, 180க்கு 70. ஐஆர் இன்டெர்னல் ரொட்டேஷன்: கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரல் எந்த உயரம் எட்டுகிறது என்று குறிப்பார்கள். உங்கள் கை பின்பாக்கெட்டோடு நின்றுவிடுகிறது. பூ வைக்க அப்டக்‌ஷனும் வெளித்திருப்பமும் வேண்டும். கொக்கி மாட்ட உள்திருப்பம் வேண்டும். இரண்டும் போயிருக்கின்றன, வெளித்திருப்பம் மிக மோசம். மூட்டுறை சுருங்கும் ஃப்ரோஸன் ஷோல்டரின் அச்சு அசல் வடிவம் இது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். பார்க்காவிட்டால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

இந்தச் சீட்டில் ஒரு குறை: நீங்களாகத் தூக்கிய அளவா, அவர் பிடித்துத் தூக்கிய அளவா என்று எழுதவில்லை. கேளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் முட்டினால் மூட்டுறை இறுக்கம். அவர் தூக்கினால் நன்றாகப் போய், நீங்களாகத் தூக்கும்போது மட்டும் விழுந்துவிட்டால் தசைநாண் கிழிந்திருக்கலாம். சிகிச்சை வேறு.

பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியில் உள்ளங்கையை முன்னாலோ மேலேயோ திருப்பிக்கொள்ளுங்கள். நல்ல தோளிலேயே சோதித்துப் பாருங்கள்: உள்ளங்கை பின்னால் பார்க்கும்படி உள்ளே முறுக்கித் தூக்கினால் தோள் மட்டத்தில் முட்டும், ஏனெனில் மேற்கை எலும்பின் முடிச்சு தோள்கூரையில் இடிக்கிறது. வெளியே திருப்பினால் முடிச்சு விலகி வழிவிடும். இன்னொன்று, முழுத் தூக்கலில் சுமார் 120 டிகிரி பந்துக் கிண்ண மூட்டிலும் 60 டிகிரி தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் வருகிறது. மூட்டு இறுகியவர்கள் தோளைக் காதுவரை ஏற்றி, பட்டை எலும்பால் ஈடுகட்டிவிடுவார்கள். கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். தோள் மேலேறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி அங்கேயே பிடித்திருங்கள். அதற்கு மேல் போவது கணக்கில் வராது.

கேள்வி: மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் காதால் கேட்டுத் தட்டச்சு செய்கிறோம். எந்தச் சொற்களில் அதிகம் ஏமாறுவோம்?
– வாசகர், சென்னை

பதில்: அப்டக்‌ஷனும் அடக்‌ஷனும் முதலிடம். கவனமான மருத்துவர்கள் 'ஏ-பி-டக்‌ஷன்', 'ஏ-டி-டக்‌ஷன்' என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள். பெரோனியல் காலின் வெளிப்பக்க நரம்பு, பெரினியல் தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி. 1998இல் வந்த சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியல் பெரோனியலை ஃபிபுலார் என்று முன்னிறுத்தியது. புதிய ரிப்போர்ட்டுகளில் இரண்டும் வரும், நரம்பு ஒன்றுதான். இலியம் என்ற ஒலிக்கு இடுப்பெலும்பும் உண்டு, சிறுகுடலின் கடைப்பகுதியும் உண்டு. முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்ட வேண்டும். 'மூன்றாவது விரல்' என்று வந்தால் திருப்பிக் கேளுங்கள். கட்டைவிரலைச் சேர்த்து எண்ணுபவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு.

'இடது மூளையில் அடைப்பு, வலது கை கால் பலவீனம்' என்று வந்தால் திருத்திவிடாதீர்கள். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புகளில் பெரும்பாலானவை முகுளத்தின் அடியில் பக்கம் மாறுகின்றன, எதிர்ப்பக்கம் பாதிப்பதுதான் சரி.

கேள்வி: கிராம முகாம்களில் 'டார்சிஃபிளெக்‌ஷன் பண்ணுங்க' என்றால் யாருக்கும் புரிவதில்லை. எப்படிச் சொல்வது?
– பிசியோதெரபிஸ்ட், தருமபுரி

பதில்: மூட்டின் பெயரை விட்டுவிட்டு, போய்ச்சேரும் இடத்தைச் சொல்லுங்கள். டார்சிஃபிளெக்‌ஷனுக்கு 'கால் நுனியை உங்க மூக்கைப் பாத்து இழுங்க'. பிளான்டர்ஃபிளெக்‌ஷனுக்கு 'பைக் பிரேக்கை மிதிங்க'. எவெர்ஷனுக்கு 'சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் மேல தூக்குங்க'. சொல்லும்போதே அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொடையைத் திருப்பிக் காட்டிவிடுவார். சூபினேஷனுக்கு 'பிரசாதம் வாங்குற மாதிரி கையை ஏந்துங்க', ப்ரோனேஷனுக்கு 'இப்ப கவுத்துங்க'. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வைத்தால், துண்டு விழும்போது ஏமாற்று தெரிந்துவிடும். முழங்கால் நீட்டலுக்கு, காலை நீட்டி உட்கார வைத்து முழங்காலடியில் துண்டுச் சுருள் வைத்து 'துண்டை நசுக்குங்க' என்றால் போதும்.

கழுத்தைத் திருப்பச் சொன்னால் பலர் உடம்போடு திரும்புவார்கள். சாய்வு நாற்காலியில் இல்லாமல் முதுகு நேராக உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு தோளையும் லேசாக அழுத்திக்கொண்டு 'தாடையைத் தோளுக்குக் கொண்டு போங்க' என்று சொல்லுங்கள். தாடை தோளை நோக்கிப் போகாமல் காது தோளுக்கு இறங்கினால் அவர் செய்வது பக்கச் சாய்வு. அதை ரொட்டேஷன் கட்டத்தில் எழுத வேண்டாம்.